நல்ல நேரம் பார்த்து ஊதிய சைரன்

புது ரோந்து வண்டி வந்துவிட்டது, பழையதை என்ன செய்யப்போகிறார்கள் என்று நீங்கள் டிரைவர்கள் அறையில் வாக்குவாதம் செய்துகொண்டிருந்ததைக் கேட்டேன். பென்ஷன் விஷயமாக வந்த ஒரு கிழவன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை உங்களில் யாரும் கவனிக்கவில்லை. நல்லதுதான். கவனித்திருந்தால் உடனே எழுந்து, டீ வாங்கிக் கொடுத்து, பேச்சை நிறுத்தியிருப்பீர்கள். ஒருவர் ஏசியைப் புகழ்ந்தார். ஒருவர் காமிராவைப் புகழ்ந்தார். இன்னொருவர் மேட்டில் இழுக்கப் பழசுதான் என்று அடித்துப் பேசினார். வண்டிக்கு வெளியே நிற்கிற ஆளைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நெய்வேலிப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் நான் டிரைவர். சொந்த ஊர் மதுரைப் பக்கம். எங்களிடம் இருந்தது ஒரு பழைய ஜீப். கதவு கிடையாது. மேலே கித்தான் துணி, அதிலும் பாதி கிழிசல். மழை பெய்தால் மடியில் தண்ணீர் தேங்கும். வெயிலடித்தால் செம்மண் புழுதி புருவம் வரை ஏறும். பிரேக்கை நாலு தடவை மிதித்தால்தான் ஐந்தாவது தடவை யோசித்து நிற்கும். சாவி போட்டுக் கிளம்பியதை நான் பார்த்ததே இல்லை. முன்னால் கம்பியைச் செருகிச் சுழற்ற வேண்டும், அல்லது நாலு பேர் தள்ள வேண்டும். ஸ்டேஷனை விட்டு வெளியே எடுத்தால் திரும்பி வரும்வரை இன்ஜினை அணைக்கக் கூடாது என்பது எங்கள் எழுதாத சட்டம். அடிக்கடி அதை யாராவது கட்டி இழுத்து வர வேண்டியிருந்ததால், பின்சீட்டுக்கு அடியில் தடிமனான ஒரு கயிறு எப்போதும் சுருண்டு கிடக்கும். அது ரோந்து வருகிறது என்பது ரெண்டு பிளாக்குக்கு அப்பாலேயே தெரிந்துவிடும். திருடன் டீ குடித்து, காசு கொடுத்து, சாவகாசமாக நடந்து போகலாம்.

அந்த ஜீப்பை நான் வெறுத்தேன். எனக்கு வந்த முதுகுவலிக்கு அதுதான் காரணம் என்று இன்றும் சொல்வேன். எங்கள் ஏட்டையாவுக்கு மட்டும் அதன்மேல் பிரியம். அவர் பண்ருட்டிக்காரர், பேச்சு சத்தமாக இருக்கும், உடம்பும் அதற்குத் தக்கபடி இருக்கும். நான் சக்கரத்தை எட்டி உதைத்தால், "யோவ், ஒதைக்காதய்யா, அதுக்கும் ரோஷம் இருக்குது" என்பார்.

அப்படி இருக்கும்போது வந்தது புதுக் கார். வெள்ளை நிறம். நாலு கதவு, ஏற்றி இறக்கும் கண்ணாடி, ரெக்சின் மெத்தை, வயர்லெஸ் பெட்டி, தலையில் சுழலும் விளக்கு. சாவியைத் திருப்பினால் கிளம்பியது! நான் நம்பாமல் அணைத்துவிட்டு மறுபடி திருப்பினேன். மறுபடியும் கிளம்பியது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்விட்ச். சைரன். எங்கள் பகுதியில் அதுவரை எந்தப் போலீஸ் வண்டியிலும் இல்லாத சங்கதி அது.

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் தூத்துக்குடிப் பக்கமிருந்து மாற்றலாகி வந்திருந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் முன்கோபி. காலையிலேயே பூஜை போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். "ராகு காலத்துலயாய்யா வண்டி எடுப்ப? அது முடியட்டும், நல்ல நேரத்துல எடுப்போம்" என்றார். காத்திருந்தோம். பத்தரை மணிக்கு மேல்தான் சூடம் ஏற்றினோம். ஏட்டையா தன் கையாலேயே சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். இன்ஸ்பெக்டர் பின்சீட்டில் ஏறி, கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொண்டார். "சைரனப் போட்டு ஊரை ஒரு சுத்து சுத்து. புது வண்டி வந்திருக்குன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். நான் ஸ்விட்சைப் போட்டேன்.

நெய்வேலியில் வேலை பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஊர் சங்கைக் கேட்டுத்தான் எழுந்திருக்கும், சங்கைக் கேட்டுத்தான் உலை வைக்கும். ஷிப்ட் மாறும்போது நிலக்கரி மைன்ஸ் பக்கமிருந்து ஊதுகிற சைரனைத்தான் சங்கு என்பார்கள். எனக்கும் அது ஒரு கடிகாரம், அவ்வளவுதான். ஷிப்ட் நேரம் இல்லாத நேரத்தில் அது ஊதினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு அப்படி ஒருநாளும் ஊதியதில்லை, யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. எங்கள் காரின் சைரனும் அதே மாதிரி ஏறி இறங்கி ஊதுகிற ரகம். பூஜையைக் காலைச் சங்கு நேரத்தில் போட்டிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நல்ல நேரம் பார்த்ததுதான் வினையாகப் போயிற்று.

கடைத்தெருவைத் தாண்டியதும் மக்கள் வாசலுக்கு வருவது தெரிந்தது. எனக்கு ஒரே பெருமை. சைக்கிளில் போனவர்கள் காலூன்றி நின்றார்கள். ஒரு அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். "பார்த்தியா, எப்படி வேடிக்கை பாக்கான்னு" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். எந்தப் பக்கம் திருப்பட்டும் என்று கேட்டேன். அகலமான ரோடாகப் போ என்றார். அந்தப் பக்கத்தில் அகலமான ரோடு என்றால் மைன்ஸ் ரோடுதான். அங்கே திருப்பினேன்.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். ரோடு முழுக்க ஜனம் ஓடி வந்துகொண்டிருந்தது. குவார்ட்டர்ஸிலிருந்தும், பக்கத்துக் கிராமமான வடக்குத்துப் பாதையிலிருந்தும், செருப்பில்லாத கால்களோடு பெண்கள் ஓடி வந்தார்கள். புதுக் கார் பார்க்க இவ்வளவு கூட்டமா என்றுதான் நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மூடிய கண்ணாடிக்குள், தலைக்கு மேல் ஊதும் சைரனுக்கு அடியில், அவர்கள் கத்தியது ஒன்றும் எங்களுக்குக் கேட்கவில்லை.

மைன்ஸ் கேட்டுக்கு அருகில் வேகம் குறைத்தபோது ஒரு பெண் குறுக்கே பாய்ந்து என் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் சைரனை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினேன்.

"அண்ணா, எந்த மைன்ஸுங்க? மண்ணு சரிஞ்சிடுச்சிங்களா? எங்கூட்டுக்காரரு கான்ட்ராக்ட்டுல உள்ள இருக்காருங்க. எத்தினி பேருன்னு சொல்லுங்கண்ணா!"

இன்ஸ்பெக்டர் பின்னாலிருந்து, "என்னய்யா சொல்லுதா இந்தப் பொம்பள?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போனதை நான் கண்ணாடியில் பார்த்தேன். அதற்குள் கூட்டம் எங்களைச் சுற்றி அடைத்துவிட்டது. கேட்டை உள்ளிருந்து காவலாளிகள் இழுத்துப் பிடித்திருந்தார்கள், வெளியிலிருந்து ஜனம் தள்ளியது. சங்கு ஊதியது, போலீஸ் கார் மைன்ஸ் ரோட்டில் பறந்தது, கேட் மூடிக்கிடக்கிறது. அவர்களுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

இன்ஸ்பெக்டர் சட்டென்று இறங்கிக் காரின்மேல் ஏறி நின்றார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். "ஒண்ணும் ஆகல! மைன்ஸ்ல ஒண்ணும் ஆகல! இது எங்க வண்டி சைரன்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். முன்வரிசைக்குக் கேட்டது. அங்கே சிலர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் சிரித்தார், ஒருவர் மண்ணை வாரித் தூற்றினார். பின்னாலிருந்தவர்களுக்குக் கேட்கவில்லை, அவர்கள் தள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்குள் எங்கள் பழைய ஜீப்பின் சத்தம் கேட்டது. ஓட்டி வந்தவர் ஏட்டையா. தொப்பி இல்லை, சட்டைப் பொத்தான் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் எலுமிச்சம்பழம் வைத்த அதே ஏட்டையா.

"இன்னாய்யா ஆச்சு? எம் மச்சான் இந்த ஷிப்ட்லதான்யா இருக்கான்!"

"ஏட்டையா, ஊதினது நம்ம கார். உங்களுக்குத் தெரியாதா?"

அவர் என்னையே பார்த்தார். "தெரியும்யா. தெரிஞ்சிதான் இருந்துச்சு. சங்கு கேட்டதும் வண்டிய எடுத்துகினு வந்துட்டேன். இந்த ஊர்ல காலு நிக்காதுய்யா" என்றார். இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் தூக்கிவாரிப் போட்டது. அவர் கண்முன்னால் சூடம் காட்டிய வண்டி. அவரையே ஓட வைத்திருக்கிறது என்றால் நாங்கள் என்ன காரியம் செய்திருக்கிறோம்!

கண்ணாடியை அடித்த பெண் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று அவளுக்கு மெல்ல மெல்ல உறைத்தது. மூச்சு விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த கை பாதியில் நின்றுவிட்டது.

"ஐயோ, அடுப்பு! அடுப்ப அணைக்காம வந்துட்டேங்க. வடக்குத்துல வூட்ல புள்ள தூளியில தூங்கிகினு இருக்குது!"

"பக்கத்துல யாராச்சும் இருப்பாங்கல்லம்மா?"

"யாரு இருப்பா? தெருவே இங்கதான நிக்குது!"

எல்லோரும் வடக்குத்துப் பக்கம் திரும்பினோம். முந்திரித் தோப்புக்கு மேலே புகை தெரிந்தது. அது யார் வீட்டுச் சமையல் புகையாகவும் இருக்கலாம். ஆனால் சமையல் புகை அவ்வளவு கறுப்பாக இருக்காது.

இனி நான் சொல்வதை நன்றாகக் கேளுங்கள். முன்னாலும் பின்னாலும் சுவர் மாதிரி ஜனம். இன்ஸ்பெக்டர் காருக்குள் தாவி, "சைரனைப் போடு, வழி விடுவாங்க!" என்றார். என் விரல் ஸ்விட்சின்மேல் இருந்தது. வழி வேண்டுமென்றால் சைரன் போடு என்றுதான் எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், உங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு குழந்தை எரியப்போகிறது. மேலதிகாரியின் உத்தரவு காதில் விழுகிறது. நான் கையை எடுத்தேன்.

"வேண்டாங்கய்யா. திரும்ப ஊதினா பின்னாடி நிக்கிறவங்க கேட்டை உடைச்சு உள்ள இறங்கிருவாங்க. முன்னாடி இருக்கிறவங்க நசுங்கிருவாங்க."

அவர் பதில் சொல்வதற்குள் நான் காரை அப்படியே விட்டுவிட்டு ஜீப்புக்கு ஓடினேன். யாரும் அணைக்காததால் அது உறுமிக்கொண்டே நின்றது. அஞ்சலையை ஏற்றிக்கொண்டேன். ஏட்டையா பக்கவாட்டில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, "மைன்ஸ்ல ஒண்ணும் இல்ல! வடக்குத்துல வூடு எரியுது, புள்ள உள்ள இருக்குது, வழி வுடுங்க!" என்று ஒவ்வொரு முகத்துக்கும் நேராகக் குனிந்து கத்தினார். கதவு இல்லாத வண்டியாக இருந்ததால் அவரால் குனிய முடிந்தது. கேட்டவர்கள் விலகினார்கள். விலகியவர்கள் அடுத்தவருக்குச் சொன்னார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது.

வடக்குத்துச் சந்து முழுக்க மணல். ஜீப் முனகிக்கொண்டே இறங்கி ஏறியது. தெருவில் ஒரு ஆள் இல்லை. திறந்த கதவுகள், கவிழ்ந்த குடம், கொதித்து வழிகிற உலை. பட்டப்பகலில் ஒரு தெரு அப்படி வெறிச்சோடிக் கிடந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போனது என் ஒரு விரல்.

அஞ்சலையின் வீட்டில் வாசல் பக்கக் கூரை பிடித்துவிட்டது. உள்ளே குழந்தை அழுகிற சத்தம். அந்தச் சத்தம் கேட்டதே எங்களுக்குப் பெரிய தைரியம். வாசல் வழியாக நுழைய வழியில்லை. பின்பக்கம் ஓடினோம். அங்கே மூங்கில் தட்டி, ஆழமாகப் புதைத்துக் கம்பியால் முறுக்கிக் கட்டியது. மூன்று பேரும் பிடித்து ஆட்டினோம், அசையவில்லை. ஏட்டையா பின்சீட்டுக்கு அடியிலிருந்து கயிற்றை உருவினார். தட்டியில் ஒரு முனை, ஜீப்பில் ஒரு முனை. நான் கியரைப் போட்டேன். எத்தனையோ தடவை இந்த ஜீப்பை மற்றவர்கள் அந்தக் கயிற்றால் இழுத்து வந்திருக்கிறார்கள். முதல்முறையாக ஜீப் இழுத்தது. தட்டி பெயர்ந்து விழுந்தது. ஏட்டையா அந்தப் பெரிய உடம்போடு உள்ளே புகுந்து, தூளியோடு சேர்த்துக் குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே வந்தார். அவர் மீசை கருகிப்போயிருந்தது. குழந்தைக்கு இருமல் தவிர ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் கூரை உள்ளே சரிந்தது.

இன்ஸ்பெக்டர் நடந்து வந்தார். புதுக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு எங்களைத் தொடர்ந்திருக்கிறார். சந்து முனையிலேயே சக்கரம் பாதி மணலில் புதைந்துவிட்டது. எரிந்த வீட்டைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அஞ்சலை தன்னை வாய்க்கு வந்தபடி திட்டுவாள், திட்டட்டும் என்று நின்றார் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் நின்றேன்.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "ஐயா, மைன்ஸ்ல நெசமாவே ஒண்ணும் ஆவலீங்களே? எங்க சமாதானத்துக்குச் சொல்லலியே?" என்று கேட்டாள்.

இல்லையம்மா என்றார். அவள் நம்பவில்லை. இன்ஸ்பெக்டர் என்னை மைன்ஸுக்குப் போய் அவள் கணவனைப் பார்த்து வரச் சொன்னார்.

அவள் கணவன் கலியபெருமாள் கீழே குழியில் வேலையில் இருந்தான். இயந்திரங்களின் இரைச்சலில் அங்கே சைரனே கேட்கவில்லையாம். ஊரே அவனுக்காக ஓடியது, அவனுக்கு மட்டும் எதுவும் தெரியாது. சொல்லி அனுப்பி மேலே வரவழைத்தோம். வந்தவன் போலீஸ் ஜீப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது.

"வூட்ல யாருங்க?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லய்யா. வா, ஏறு."

"பொய் சொல்றீங்க. சும்மாவா போலீசு வண்டி வந்து கூட்டிகினு போவுது?"

வழியெல்லாம் ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி, குதிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து ஒன்றை வழக்கமாக்கிக்கொண்டேன், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாலும், இன்ஜினை அணைப்பதற்கு முன்பே, "பயப்படாதீங்க, யாருக்கும் ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். சம்மன் கொடுக்கப் போனாலும் சரி, முகவரி விசாரிக்கப் போனாலும் சரி. நீங்கள் பேசத் தொடங்குவதற்கு முன்பே அவர்கள் ஒரு பிணத்தைப் பார்த்துவிடுகிறார்கள்.

அஞ்சலை சந்து முனைக்கே வந்து நின்றிருந்தாள். கலியபெருமாள் இறங்கியதும் அவன் தோளை, கையை, முட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் வீட்டைக் காட்டினாள். அவன் பார்த்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் வீட்டைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கூரைக்குக் கீற்று போட்டுக் கொடுத்துவிடுகிறோம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார், அந்த வாரத்திலேயே செய்தும் முடித்தோம். அவர் கிளம்பத் திரும்பியபோதுதான் அவள் கூப்பிட்டாள்.

"ஐயா, அந்த வண்டியில சங்கு வேணாங்க."

"இனி கவனமா ஊதுவோம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதில்லீங்க. நீங்க தெனமும் ஊதினா எங்களுக்குப் பழகிடுங்க. அப்பறம் ஒருநாளு நெசமாவே ஊதும். போலீசு வண்டின்னு நெனச்சிகினு நான் அடுப்பாண்ட உக்காந்திருப்பேங்க."

அவளுக்குப் பின்னால் வீடு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அடுத்த தடவையும் ஓடுவதற்குத்தான் அந்தப் பெண் எங்களிடம் அனுமதி கேட்டாள்.

பழைய ஜீப்பைக் கும்பிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைக்கு அது நின்றுபோயிருந்தால் குழந்தை போயிருக்கும். மறுநாளே அது கிளம்பாமல் நாலு பேர் தள்ளினோம். கொஞ்ச நாளில் அதை ஏலம் விட்டார்கள், நான் சந்தோஷப்பட்டேன். புதுக் கார் நல்ல கார். எத்தனையோ பேரை ஆஸ்பத்திரிக்கு நேரத்தில் கொண்டு சேர்த்தது. அன்றைக்குப் பிறகு அதில் நான் கண்ணாடியை மட்டும் ஏற்றியதே இல்லை, மழையிலும்கூட.

வீடு எரிந்த அன்று சாயங்காலம் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் என்னிடம் குறடு கேட்டார். தானே குனிந்து, சைரனுக்குப் போகிற ஒயரை வெட்டினார். அவர் மாற்றலாகிப் போகும்போது அடுத்து வந்தவரிடம் இதைச் சொல்லிவிட்டுப் போனார். அவரும் தனக்கு அடுத்தவரிடம் சொன்னார். ஒவ்வொரு வருஷமும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிற பெரிய அதிகாரி சிவப்பு ஸ்விட்சைத் தட்டிப் பார்த்து, "என்ன டிரைவர், சைரன் வேலை செய்யலையா?" என்று கேட்பார்.

"ரிப்பேருங்கய்யா" என்பேன். நான் அந்த ஸ்டேஷனை விட்டு வரும்வரை அது ரிப்பேராகவே இருந்தது.